முறம் சொன்ன கணக்கு

முன்னொரு காலத்தில் கன்னலூர்ச் சீமையைக் கெம்பீரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை வரும், சாயங்காலம் வேறு ஆசை வரும். ஒருநாள் மாடத்தில் நின்றபடி கீழே பார்த்தவருக்குத் தாமரைக்குளம் வெட்டும் ஆசை வந்துவிட்டது. அதற்குத் தோதான இடம், அரண்மனைக்குக் கிழக்கே இருந்த வேலம்மையின் வெற்றிலைக் கொடிக்கால்தான் என்று அங்கேயே முடிவும் செய்துவிட்டார்.

சும்மா பிடுங்கிக்கொள்ளவில்லை. எவ்வளவு இடம் போகிறதோ அவ்வளவு இடத்தை ஆற்றங்கரையில் அளந்து கொடுக்கச் சொன்னார். அளக்கப் போனவர் நில அளவைத் தலைவர் மகுடேசர். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

கன்னலூரில் நிலத்தைப் பாய் விரித்துத்தான் அளப்பார்கள். ராஜமுத்திரை போட்ட சதுரப் பெரும்பாய் அது. தூக்கவே எட்டு ஆள் வேண்டும். வரிசை பிசகாமல் விரித்துக்கொண்டே போவார்கள். முழுப் பாய் விழுந்த இடம்தான் நிலம். வேலிக்கு வெளியே பாய் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த இடம் கணக்கில் வராது. அப்படி விடுபட்ட மூலையெல்லாம் அளந்தவருக்கே சொந்தம் என்று வேறு ஒரு வழக்கம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மகுடேசரின் தாத்தாதான்.

சதுர வயல் வைத்திருந்தவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. வேலம்மையின் கொடிக்காலோ முறத்தின் வடிவம். மேற்கே குறுகி, கிழக்கே அகன்று, இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கும். மேற்கு எல்லை இரண்டு பாய் அகலம், கிழக்கு எல்லை ஆறு பாய், நடுவே நீளம் நான்கு பாய். மகுடேசர் விரித்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு பாய் என்று அறிவித்தார்.

வேலம்மை நேரே மந்திரி ஆவுடையப்பரிடம் போய் நின்றாள்.

"ஐயா, அந்தச் சாய்வு ஓரத்துலதான் என் கொடி நல்லா படரும். அதை நிலமே இல்லேங்கிறாரு. பன்னெண்டு பாயை வச்சுக்கிட்டு நாலு பிள்ளைகளுக்கு நான் எப்படிக் கஞ்சி ஊத்துறது?"

ஆவுடையப்பருக்கு லேசில் கோபம் வராது. அன்றைக்கு வந்தது. திருட்டைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடியும். வழக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிற திருட்டுதான் அவருக்கு ஆகாது.

சபையில் எழுந்து, கொடிக்கால் பதினாறு பாய் என்றார். மகுடேசர் வாய்விட்டுச் சிரித்தார். எதற்கெடுத்தாலும் ராஜா மந்திரியையே கேட்கிறார் என்ற பொருமல் அவருக்கு நெடுநாளாக உண்டு. மீதி நாலு பாயைக் கத்தரித்து ஒட்டினீரோ, ராஜமுத்திரையை வெட்டினால் என்ன தண்டனை தெரியுமோ என்று கேலி செய்தார். ராஜாவுக்கோ வேடிக்கை பார்க்க ஆள் கிடைத்த சந்தோஷம்.

"மந்திரி, பாயைத் தொடாமல் அந்தப் பதினாறைக் காட்டும். நாளை மத்தியானம் நான் சாப்பிட்டு எழுவதற்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலம்மைக்குப் பன்னிரண்டே பாய். பாய் தூக்கும் எட்டு ஆளோடு நீர் ஒன்பதாவது ஆள்."

மந்திரி சரியென்று தலையாட்டிவிட்டு, நேரே அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போனார்.

மறுநாள் ராஜா தலைவாழை இலை முன்னால் உட்கார்ந்தார். இலையின் நடுவே சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. இடப்பக்கத்து நுனி மட்டும் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது. உப்பில்லை, இனிப்பில்லை, ராஜா உயிரையே வைத்திருந்த மாவடுவும் இல்லை.

ராஜா ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "மாவடு எங்கே?"

"நுனியில் வைப்பதுதானே மகாராஜா? மகுடேசர் முறைப்படி பார்த்தேன். நுனியில் முழுச் சதுரம் விழவில்லை. அதனால் அது இலையே இல்லை" என்றார் மந்திரி.

"இலை இல்லாமல் பின்னே என்னவாம்?"

"அதைத்தான் வேலம்மையும் கேட்கிறாள்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மகுடேசர் விடவில்லை. நுனியும் இலைதான் என்றே வைத்துக்கொள்வோம், அது இவ்வளவு என்று எதை வைத்து அளப்பீர் என்று மடக்கினார்.

மந்திரி ஒரே அளவில் முடைந்த இரண்டு முறங்களை வரவழைத்தார். ஒன்றைத் தரையில் வைத்தார். இன்னொன்றைத் தலைமாற்றித் திருப்பி அதன் பக்கத்தில் சேர்த்தார். சாய்வோடு சாய்வு இடுக்கில்லாமல் பொருந்தி உட்கார்ந்தது.

"இரண்டு கொடிக்காலை இப்படிச் சேர்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள், மகாராஜா. இந்த ஓரத்தில் ஒன்றின் குறுகலும் மற்றதன் அகலமும் சேர்ந்து எட்டுப் பாய். எதிர் ஓரமும் எட்டு. ஒரு கோடியில் சாய்ந்து குறைந்தது, மறு கோடியில் அப்படியே நீண்டிருக்கிறது. அதை எடுத்து இங்கே வைத்தால் நேரான செவ்வகம். எட்டை நாலால் பெருக்கினால் முப்பத்திரண்டு. இது இரண்டு கொடிக்காலுக்கு. ஒன்றுக்கு?"

ராஜா சோற்றுக்கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பதினாறு." தானே கண்டுபிடித்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது. முக்கோண நிலமாக இருந்தால் என்ன செய்வீர் என்று கேட்டார். அதற்கும் இதே வித்தைதான், இரண்டைத் திருப்பிச் சேர்த்துப் பாதியாக்கினால் போதும் என்றார் மந்திரி.

மாவடு வந்தது. சாப்பிட்டு முடித்த ராஜா, ஆற்றங்கரையில் பதினாறு பாய் நிலத்தை வேலம்மையே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். மகுடேசர் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆசை விடவில்லை.

"மகாராஜா, கொடிக்காலில் விடுபட்ட மூலைகள் வழக்கப்படி எனக்குத்தானே?"

"அந்த மூலைகளில் முழுப் பாய் எத்தனை விழும்?"

"ஒன்றுகூட விழாது, மகாராஜா."

"அப்படியானால் அது நிலமே இல்லை. இல்லாத நிலத்தை உமக்கு எப்படிக் கொடுப்பேன்?" என்ற ராஜா, ஒன்பதாவது ஆளின் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்பதையும் நினைவூட்டினார்.

மறுநாள் ஆற்றங்கரைக்குப் பெரும்பாய் கிளம்பியது. வேலம்மை பிள்ளைகளோடு முன்னால் நடந்தாள். மகுடேசர் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்று மெதுவாகக் கேட்டார்.

"மூலையைப் பிடிங்க சாமி" என்றான் பாய்க்காரன். "மூலையெல்லாம் வழக்கப்படி உங்களுக்குத்தானே."