சீவி வைத்த நார்

"ஒம்பது கண்ணாடிச் சில்லும் பாத்தாச்சு டீச்சர். அத்தனையும் இருட்டுதானுங்க. கையெழுத்துப் போடுங்க, கேட்டைத் திறக்கட்டும்."

ராக்கியப்பன் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

லோகநாயகி பேனாவைத் தொடவில்லை.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. சீடர் ராக்கியப்பனுக்கு ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருஷம் நூல் மில்லில் பஞ்சு சீவி, கடைசியில் மிஷினுக்கு இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு, இந்தப் பரிசோதனைக்கூடத்தில் மைக்ராஸ்கோப் பழக வந்தவர். மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்க அவருக்கு வெட்கமில்லை. பொறுமைதான் இல்லை.

இன்றைக்குப் பொறுமை வருவதாவது! சாயப் பட்டறையில் நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த பழைய வெள்ளை நார் உதிர்ந்துகொண்டிருந்தது. தீயில் காட்டினால் கருகவில்லை. வெறும் கண்ணாடி நாராக இருந்தால் பயமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாராக இருந்தால், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து, இருபது வருஷம் கழித்து ஆளைக் கொல்லும்.

சோதனை முடிவுக்காகப் பட்டறையை மூடி ஐந்து வாரம். இன்றும் திறக்காவிட்டால் வேறு ஊருக்கே கொண்டுபோய்விடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். கேட்டுக்கு வெளியே இரண்டு மணி ஷிப்டுக்காக நூற்றுப் பத்துப் பேர் நின்றார்கள். டிபன் பாக்ஸோடு ராக்கியப்பனின் மகள் பூங்கொடியும் நின்றாள்.

மணி ஒன்று நாற்பது.

"அண்ணே, மொத நாள் நான் என்ன சொன்னேன்?"

"கீழே ஒரு படிகம், மேலே ஒரு படிகம். ரெண்டையும் குறுக்கே வெச்சா வெளிச்சம் மேலே வராது. நடுவுல கண்ணாடி நார் இருந்தா இருட்டு இருட்டாவே இருக்கும். கல்நார் இருந்தா வெள்ளையா மின்னும்." பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தார். "மின்னலையே!"

"நல்ல மனப்பாடம்."

"நக்கல் பண்ணாதீங்க. எனக்குக் கண்ணு தெரியலைங்கறீங்களா?"

"கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. நாரைக் கண்ணாடி மேல எப்படி வெச்சீங்க?"

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டாளே!

"ஊசியால ஒண்ணொண்ணாப் பிரிச்சு, சீவி, நேரா வெச்சேனுங்க. கோணல்மாணலா வெச்சா என் கைக்கு ஆகாது. மைக்ராஸ்கோப்புக்குள்ள தெரியற குறுக்குக்கோட்டை ஒட்டியே, நூல் பிடிச்ச மாதிரி. அசையக் கூடாதுன்னு அடியில இருக்கற வட்டத் தட்டோட திருகையும் இறுக்கிட்டேன்."

"ஒம்பதையுமா?"

"ஒம்பதையும்."

மேசையில் போன் அடித்தது. பட்டறை மேனேஜர். அவள் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

ராக்கியப்பன் எழுந்துவிட்டார். "நூத்திப் பத்துக் குடும்பம் வெயில்ல நிக்குது. நீங்க கதை கேட்டுட்டு இருக்கீங்க!"

"உக்காந்து பாருங்க அண்ணே."

"எத்தன தடவ பாக்கறது?"

"ஒரு தடவ."

உட்கார்ந்தார். கண்ணை வைத்தார். இருட்டு. அதே இருட்டு.

அவள் திருகைத் தளர்த்துகிற சத்தம் கேட்டது.

"கண்ணை எடுக்காதீங்க."

வட்டத் தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து, மெல்லத் திருப்பினாள். ஒரு கால் வட்டம்கூட இல்லை, அதில் பாதி.

இருட்டு சாம்பலானது. சாம்பல் வெளுத்தது. அவர் சீவி வைத்த நார்கள், ஒன்றுகூட வரிசை கலையாமல், அத்தனையும் வெள்ளையாக மின்னின.

அவள் தட்டைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். இருட்டு.

"அந்தக் கோட்டை ஒட்டி நேரா வெச்சா கல்நாரும் இருட்டாத்தான் தெரியும் அண்ணே." மறுபடி திருப்பினாள். வெள்ளை.

அவருக்கு மூச்சை விடவே பயமாக இருந்தது.

போன் திரும்பவும் அடித்தது. லோகநாயகி அசையவில்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, மூன்று விரல் கையை நீட்டி அவரே எடுத்தார்.

"மணி ரெண்டாகப் போவுது. திறந்துரலாமுங்களா?" என்றது போன்.

"திறக்காதீங்க," என்றார் ராக்கியப்பன். "எம்புள்ள அங்கதான் நிக்குது."