கோமளவல்லிக்கு வந்த செய்தி

இணையத்தில் நடக்கும் அரசாங்கச் சேவைகளுக்கெல்லாம் நாடு முழுவதற்கும் ஒரே தரம் எழுதுவதற்குப் பதினேழு பேர் உட்கார்ந்தார்கள். இட்லிக்குத் தரம் எழுதச் சொல்லியிருந்தாலும் முந்நூறு பக்கம் எழுதி, சட்னியை மறந்திருப்பார்கள். அப்படிப்பட்ட பதினேழு பேர்.

அவர்களில் தமயந்திக்கு மட்டும் ஒரு சந்தேகம். எதையோ விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் கையெழுத்தாகிவிடும். வரைவைத் தூக்கிக்கொண்டு பூவராகன் வீட்டுக்குப் போனாள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் எழுதிய விண்ணப்பத்தை ஆடு தின்ன வந்தாலும் எந்தக் கட்டத்தில் வாய் வைப்பதென்று அதற்கே புரிந்துவிடும் என்பார்கள்.

அவர் மனைவி கோமளவல்லி காலமாகிப் பதினோரு மாதம். அந்த அம்மாளின் செல்போன் அலமாரியில் சார்ஜரோடு கிடந்தது. நூறு சதவீதம்.

"ஒரு விதி நல்ல விதிதான்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?"

"எதுல உனக்கு ரொம்பப் பெருமையோ, அதைப் படி."

"நாற்பத்தொண்ணாவது விதி. ஒருவர் இறந்துவிட்டதாகக் குடும்பத்தார் ஒருமுறை தெரிவித்தால் போதும். அதன்பின் எந்தத் துறையும் அவருடைய எண்ணுக்குச் செய்தி அனுப்பக் கூடாது."

பூவராகன் செல்போனை எடுத்து நீட்டினார். "இதையும் படி. முந்தாநாள் அரசாங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தது."

'அன்புள்ள கோமளவல்லி அவர்களே, நலமாக இருக்கிறீர்களா? இம்மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்கு மறக்காமல் வாருங்கள்.'

அதற்கு மேலே இன்னும் பத்து. மாதத்துக்கு ஒன்று.

"நீங்க தெரிவிக்கவே இல்லையா சார்?"

"அவளை அன்புள்ளன்னு கூப்பிட இது ஒண்ணுதானே இருக்கு. உசுரோட இருந்தப்ப நான்கூட அப்படிக் கூப்பிட்டதில்ல. 'ஏய், காபி'. அவ்வளவுதான்."

இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தார். "உன் விதியை இதுல சோதிச்சுப் பாரு."

"வேண்டாம் சார். வேற யாரையாவது வெச்சு..."

"வேற யாரை? பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கானே."

புதிய விதிகளை வைத்து வெள்ளோட்டத்தில் இருந்த இணையதளத்தைத் தமயந்தி திறந்தாள். நாலே கேள்வி. விதிப்படி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிப் பொத்தானை அவர்தான் அழுத்தினார்.

கோமளவல்லியின் செல்போன் ஒலித்தது.

'அன்புள்ள கோமளவல்லி அவர்களே, தாங்கள் இறந்துவிட்டதாகத் தங்கள் கணவர் தெரிவித்துள்ளார். இனி இந்த எண்ணுக்குச் செய்திகள் வராது.'

தமயந்தி வரைவைப் புரட்டினாள். ஒன்பதாம் விதி. யாரைப் பற்றி எதைத் தெரிவித்தாலும், ஒரு நிமிடத்துக்குள் அவருடைய எண்ணுக்கு உறுதிச் செய்தி போக வேண்டும். அதையும் அவளேதான் எழுதியிருந்தாள்.

"தப்பு சார். செத்தவங்களுக்கே அனுப்பிடுச்சு. இப்பவே ஒன்பதை அடிச்சிடறேன்." பேனாவைத் திறந்தாள்.

"அடி. அடிக்கத்தான் வேணும்."

அவர் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒயரை மெல்லச் சுருட்டினார்.

"ஆனா அவகிட்ட யாராவது சொல்லணும் இல்லையா? பதினோரு மாசமா எனக்கு வாய் வரலை."