முப்பது பாகம், மணல்

கஸ்பாருக்குக் கடலின் அடி புதிதல்ல. தூத்துக்குடியில் பல வருஷம் முத்துக்குளித்தவர். சிப்பி கிடைக்காவிட்டால் ஒரு பிடி மண்ணையாவது அள்ளிக்கொண்டுதான் மேலே வருவார். வெறுங்கையோடு வந்தவனைத் தோணியில் இருப்பவர்கள் அன்றைக்கு முழுக்கக் கேலி செய்தே சாகடித்துவிடுவார்கள்.

ஒரு காது கெட்டுப்போனதால் அந்தத் தொழிலை விட்டார். சென்னப்பட்டணத்திலிருந்து ரங்கூன் போகும் வெள்ளைக்காரச் சரக்குக் கப்பல் ஒன்றில் சேர்ந்தார். கப்பலுக்குள் ஊறும் அழுக்குத் தண்ணீரைப் பம்பு அடித்து இறைக்கச் சொன்னார்கள். இறைக்க இறைக்க ஊறும். குடலைப் புரட்டும் நாற்றம் வேறு. அந்த வேலையை அவர் மனதார வெறுத்தார்.

மாலுமிகளுக்குத் தலைவர் தண்டல் மீரான். கீழக்கரைக்காரர், கஸ்பாரைவிட வயதில் இளையவர். அவர்தான் கஸ்பாரைப் பம்பிலிருந்து விடுவித்து ஆழம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அன்று முதல் கஸ்பாருக்கு அவரே குரு.

வேலை இதுதான். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் விடவேண்டும். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் கொழுப்பை அப்பியிருப்பார்கள். குண்டு தரையைத் தட்டினால் மணலோ சேறோ அதில் ஒட்டிவரும். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஆழம் எத்தனை பாகம் என்று கயிற்றில் உள்ள அடையாளத்தைப் பார்த்துக் கூவவேண்டும். ஆழம் குறைந்தால் கரை கிட்ட இருக்கிறது, கப்பல் தரைதட்டிவிடலாம் என்று அர்த்தம்.

ஒரு தடவை நாள்கணக்காக மழைமூட்டம். சூரியன் கண்ணிலேயே படவில்லை. கரை எவ்வளவு தூரம் என்று கப்பித்தானுக்கே தெரியவில்லை. மனுஷன் ராத்திரிகூடத் தூங்காமல், மேல்தளத்தை விட்டு நகராமல் நின்றார். அன்று மத்தியானம் ஆழம் பார்க்கச் சொன்னார்.

கஸ்பார் குண்டை விட்டார். கயிறு ஓடியது, ஓடியது, கடைசி முழம்வரை ஓடித் தீர்ந்தது. குண்டு எதையும் தட்டவில்லை. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கை என்ற நினைப்பு வந்ததும் கஸ்பாருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"முப்பது பாகம், மணல்" என்று கூவிவிட்டார்.

கப்பல் அல்லோலகல்லோலப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பாய் சுருட்டப் பாய்மரத்தில் ஏறினார்கள். நாலு பேர் நங்கூரத்தை அவிழ்க்க ஓடினார்கள்.

மீரான் வந்து ஈயக்குண்டைக் கவிழ்த்துப் பார்த்தார். கொழுப்பில் அதை அப்பிய விரலின் தடம்கூடக் கலையவில்லை.

"மணல் எங்கே அண்ணாச்சி?"

கஸ்பார் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். மீரான் திட்டவில்லை. குண்டை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"இன்னொரு தரம் போடுங்க."

மறுபடியும் கயிறு முழுக்க ஓடித் தீர்ந்தது. உண்மையைச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். நாளைக்குத் திரும்பவும் பம்புதான். கஸ்பார் குருவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அடி தட்டலை" என்றார் கஸ்பார். "முந்தி சொன்னது பொய். அப்பவும் தட்டலை."

மீரான் அதைக் கப்பித்தானுக்கு இங்கிலீஷில் சொன்னார். கப்பித்தான் முகம் சிவக்க நீளமாக என்னவோ பேசினார். அதை மீரான் தமிழில் சொல்லவில்லை. பிறகு கப்பித்தான் குண்டை வாங்கிக் கொழுப்பைத் தடவிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். ஏதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

"சாயங்காலமும் நீங்கதான் ஆழம் பாக்கணுமாம்" என்றார் மீரான்.

கஸ்பாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுருட்டிய பாய்கள் மறுபடி விரிந்தன. கரை கிட்டத்தில் இல்லை என்றதும் ஆட்கள் ஆறிப்போன சோற்றுக்குத் திரும்பினார்கள். யாரோ ஒருவன் பாடவும் ஆரம்பித்தான். கஸ்பாருக்கு மட்டும் சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நனைந்த கயிற்றைச் சுருட்டியபடி கேட்டார்.

"தண்டலே, முங்குனா எதையாவது கொண்டாந்தே தீரணும்னு வளந்தவன் நான்."

"தெரியும்."

"அடி இல்ல, மண்ணு இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்குன்னு ஒரு ஆளு எதுக்கு?" ஆதங்கத்தில் அவர் குரல் உயர்ந்துவிட்டது.

மீரான் உதட்டில் விரலை வைத்தார். காலடியில், கப்பித்தானின் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"மெல்லப் பேசுங்க அண்ணாச்சி. நீங்க இல்லன்னு சொன்னதைக் கேட்டுத்தான் தொரை தூங்குறாரு."