வரி போட்ட தேன்நீர்

ஒரு காட்டில், குளக்கரை அத்திமரத்தடியில் ஒரு கரடி தேன்நீர் விற்று வந்தது. தேனடையைப் பிழிந்து, பழச்சாறு கலந்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுக்கும். ஒரு கொட்டாங்குச்சிக்கு மூன்று பழம் விலை. பொழுது விடிந்தால் காட்டுக் குட்டிகள் எல்லாம் அங்கேதான் நின்றன. பக்கத்திலேயே குளம் நிறையத் தண்ணீர் இருந்ததை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை!

அரசரான யானை இதைக் கண்டு பதறியது. மான்குட்டி பத்து அடி ஓடினாலே மூச்சு வாங்கியது. முயல்குட்டியின் பல் கறுத்திருந்தது.

"விலை ஏறினால் வாங்குவது குறையும்" என்று யானை தனக்குள் கணக்குப் போட்டது. இனி ஒவ்வொரு கொட்டாங்குச்சிக்கும் இரண்டு பழம் வரி என்று மரங்கொத்தியை அனுப்பி அறிவித்தது. ஏன் இந்த வரி என்று மட்டும் சொல்லவில்லை.

கரடி ஒரு நாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தது. மறுநாளே தெம்பாகக் கூவியது.

"வாங்க, வாங்க! அரசரே வரி போட்ட தேன்நீர்! குளத்துத் தண்ணிக்கு யாராவது வரி போடுவாங்களா? உசந்த பொருளுக்குத்தானே வரி!"

அவ்வளவுதான்! விருந்தாளி வந்தால் தேன்நீர், குட்டிக்குப் பெயர் வைத்தால் தேன்நீர் என்று ஆகிவிட்டது. இப்படியும் புத்தி போகுமா? போயிற்றே!

பவளி என்ற குரங்குக்கு ஒரே பிள்ளை, தொத்தன். "மான் வீட்டுப் பிள்ளை குடிக்கிறான், என் பிள்ளை மட்டும் என்ன குறைச்சலா?" என்று பவளி தினமும் வாங்கிக் கொடுத்தது. வரிக்குப் பழம் போதவில்லை. தான் தின்ன வைத்திருந்ததைக் கொடுத்தது. பிறகு தொத்தனுக்கு வைத்திருந்த பழத்தையும் எடுத்துக் கொடுத்தது.

ஒருநாள் தொத்தன் ஒரு மாங்காயைக் கடித்தான். 'மளுக்' என்று ஒரு சத்தம்! "அம்மா!" என்று வீறிட்டான். முன்பற்கள் இரண்டும் மாங்காயிலேயே நின்றன. மற்ற பற்களும் ஆட்டம் கண்டிருந்தன. பால்பல் விழுந்தபின் முளைத்த பற்கள் அவை. இனி முளைக்கப் போவதில்லை.

பவளி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடியது தெரியுமா? கரடியிடம்! தேன்நீர் குடித்தால் வலி அடங்கும் என்று நினைத்தது, பாவம்.

அங்கே கரடியின் குட்டி ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தது. கரடி பாய்ந்து வந்து அதன் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தது.

"தொடாதே! பல்லெல்லாம் சொத்தையாகிவிடும்! போய்க் குளத்துத் தண்ணியைக் குடி!"

பவளி கரடியின் முன்னால் போய் நின்றது.

"அண்ணே! உங்கள் பிள்ளைக்கு ஆகாததையா என் பிள்ளைக்கு ஊற்றினீர்கள்?"

"நானா உன்னைக் கூப்பிட்டு வாயில் ஊற்றினேன்? நீதானே தேடி வந்து வாங்கினாய்!" என்றது கரடி. அதற்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை.

பவளி அழுதுகொண்டே அரசரிடம் ஓடியது. தொத்தனின் வாயைப் பார்த்த யானை திடுக்கிட்டது.

"குட்டிகள் குடிக்கக் கூடாது என்றுதானே வரி போட்டேன்!"

"ராஜா, உயர்ந்த பொருள் என்பதால் வரி என்றல்லவா நினைத்தோம்! பிள்ளைக்குக் கெடுதல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

யானை தலைகுனிந்து, "என் தப்புதான், பவளி" என்றது.

அன்றே மரங்கொத்தி மரம் மரமாகப் போய், தேன்நீர் குட்டிகளை என்ன செய்யும் என்று எடுத்துச் சொன்னது. மறுநாள் கரடியின் கடைக்கு ஈ காக்கைகூட வரவில்லை. பவளி வரியாகக் கட்டிய பழங்களுக்கு ஈடாகப் புதுப் பழங்களை யானை அனுப்பி வைத்தது. கொய்யாவும் பேரிக்காயும் தொத்தனின் முன்னால் குவிந்தன.

தொத்தன் ஒரு கொய்யாவை எடுத்து வாயருகே கொண்டு போனான். பிறகு கையை இறக்கினான்.

"அம்மா, எனக்கு நசுக்கிக் கொடுக்கிறாயா?"

பிள்ளைகளைக் கெடுக்கும் பொருளுக்கு வரி போட்டால் மட்டும் போதாது. அது ஏன் கெடுதல் என்று ஆள்பவர்கள் சொல்லவும் வேண்டும், பெற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.