அட்டைப்பெட்டிக்குள் சான்றிதழ்

தூத்துக்குடி ஓட்டல் ஒன்றில் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு. சான்றிதழ் வாங்காதவருக்கு மறுநாள் முதல் வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. பாடம் எடுத்தவர் தலைமை அலுவலகத்து ரகோத்தமன். நடுவில், பயிற்சிக்கு வந்திருந்த மரியசெல்வம் ஒரு கொட்டாவி விட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

"பதினெட்டு வருஷமா மருந்து அடிக்கிறியாமே, எழுந்திரு. நேத்து நானே நின்னு இந்த ஹாலுக்கு மருந்து அடிக்க வச்சேன். இங்க ஒரே ஒரு கரப்பான்பூச்சியைக் காட்டு, சான்றிதழ் தர்றேன். இல்லேன்னா வீட்டுக்குப் போ."

மரியசெல்வம் குனியவில்லை, இடுப்பில் செருகியிருந்த டார்ச்சையும் தொடவில்லை.

"முதல்ல சான்றிதழை எடுங்க சார். பெறகு காட்டுதேன்."

ஹாலே சிரித்தது. "காட்டாமலே சான்றிதழா?" என்றார் ரகோத்தமன்.

"என் கையில தர வேண்டாம் சார். எடுத்து மேசையில வச்சாப் போதும்."

சலித்துக்கொண்டே ரகோத்தமன், தலைமை அலுவலகத்திலிருந்து தான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கையை விட்டார். விட்ட வேகத்தில் உதறினார். சட்டைக் கைக்குள் கரப்பான்பூச்சி ஒன்று ஏறிவிட்டது. பின்னாலேயே குட்டிகள் நாலைந்து மேசையில் ஓடின.

"காலையில இந்தப் பெட்டியை என் தலையிலதான ஏத்துனீங்க," என்றார் மரியசெல்வம். "மடிப்புல காப்பித்தூள் மாதிரி கரப்பான் எச்சம் கிடந்துச்சு. உங்க ஆபீசுக்கு மருந்தடிக்க எப்ப வரட்டும் சார்?"

ரகோத்தமன் ஒரு கையால் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். இன்னொரு கை சட்டையை உதறிக்கொண்டே இருந்தது.