கண்ணாடியில் பதிந்த மூக்குகள்

திருச்சி விமான நிலையத்தில் பயணிகளுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிச் சுவரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் பூங்கோதை. அவள் புருஷன் ஷார்ஜாவில் இருந்தான். வந்தால் அங்கிருந்து வரும் ஒரே விமானத்தில்தான் வரவேண்டும்.

அன்று விமானக் கம்பெனியின் பெரிய அதிகாரி வந்திருந்தார். அந்த விமானத்தை நிறுத்தலாமா என்று ஜனங்களைக் கேட்க அவர் வைத்த கருத்துப்பெட்டி காலியாகக் கிடந்தது.

"ஒருத்தருக்கும் அக்கறை இல்லை, நிறுத்திடலாம்" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எப்ப வந்தாலும் கண்ணாடியில கறை! இனி ஒண்ணு பார்த்தேன், உனக்கு வேலை கிடையாது."

"சரிங்க சார். நீங்க விமானத்தை நிறுத்திட்டா கறையே வராது."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"கீழே இருக்கிற கறை, அப்பாவைப் பார்க்கப் பிள்ளைங்க மூக்கை அழுத்துனது சார். மேலே அவங்க அம்மாமாருங்க கை. உங்க பெட்டி மூலையில இருக்கு, அவங்க கண்ணு இங்கதானே இருக்கும்?"

அதிகாரி குனிந்து பார்த்தார்.

"விமானம் ஓடட்டும்" என்றார் உடன் வந்தவர்களிடம். பிறகு, "அந்தப் பக்கம் உச்சியில ஒரு கைத்தடம் இருக்கே, அது?"

பூங்கோதை தலை குனிந்தாள். "போகும்போது எங்க வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வச்சது சார். அதை மட்டும் துடைக்க..."

"கோதை! ஷார்ஜா இறங்கிடுச்சு, ஓடியா!" என்று மேஸ்திரி கூப்பிட, வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள்.