முந்நூறு பாத்திரமும் மன்னர் கஞ்சியும்

கோட்டைகள் யானைப் படையால் வீழ்கின்றன என்று உலகம் நம்புகிறது. கற்றவர்கள்கூட நம்புகிறார்கள். இது பெரும்பிழை, உடனே திருத்திக்கொள்வது நல்லது. வெண்குன்றக் கோட்டையை வீழ்த்தப் பார்த்தது ரசம்.

முன்னொரு காலத்தில் அந்த வெண்குன்றத்தைக் குலசிகாமணி என்னும் மன்னர் ஆண்டுவந்தார். அவருடைய பாட்டனார் ஒருமுறை பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போருக்குப் போனார். வென்று திரும்பினால் பாயசம் இல்லை. அன்றே ஆணை பிறந்தது: அரண்மனையில் யார் "வைத்திரு, வருகிறேன்" என்று சொன்னாலும், அவர் வந்து உண்டு முடிக்கும்வரை அது அரண்மனைப் பாத்திரத்தில் காக்கப்பட வேண்டும். மீறினால் நாடு கடத்தல்.

பாத்திர அறைக்குப் பொறுப்பு செங்கமலம். முந்நூறு பாத்திரம், ஒவ்வொன்றின் கழுத்திலும் கேட்டவர் பெயரெழுதிய ஓலை நறுக்கு. அந்தப் பொறுப்பைத் தம் மைத்துனனுக்கு வாங்கிவிடத் துடித்தவர் மன்னரின் அமைச்சரான தானாதிபதி அனந்தவர்த்தனர். அதற்காக எதைக் கண்டாலும் "வைத்திரு, வருகிறேன்" என்று சொல்லிப் பாத்திரங்களை நிரப்பத் தொடங்கினார்.

"அக்கா, தானாதிபதி இன்னொரு சொம்பு வெந்நீர் கேட்கிறார்," என்றாள் பணிப்பெண்.

"நேற்று கேட்டது?"

"அது ஆறிவிட்டதாம். இருந்தாலும் வைத்திருக்கச் சொன்னார்."

ஐந்தாம் நாள் விடியலில் மன்னருக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு பாத்திரம்கூட இல்லை. காலிவயிற்றோடு இருக்கும் குலசிகாமணிக்கு நீதி தெரியாது. தண்டனை மட்டும்தான் தெரியும்.

"முந்நூறுமா நிறைந்துவிட்டன?" என்று உறுமினார்.

"இருநூற்றுத் தொண்ணூறு ஒரே பெயரில், அரசே," என்றாள் செங்கமலம்.

அனந்தவர்த்தனர் இடையில் புகுந்தார். "ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்!"

"ஒரு நாழிகை தருகிறேன். கஞ்சி வர வேண்டும், பாட்டனார் ஆணையும் நிற்க வேண்டும். தவறினால் நாட்டு எல்லைக்கு வெளியே போய்க் காய்ச்சிக்கொள்!" என்றார் மன்னர்.

செங்கமலம் கைகூப்பினாள். "அப்படியே, அரசே. சாட்சிக்குத் தானாதிபதி அடுக்களைக்கு வரட்டும்."

தானாதிபதி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். பசி பொறுக்காத மன்னரும் பின்னாலேயே வந்தார். வாசலைத் தாண்டியதும் செங்கமலம் மணையைப் போட்டாள்.

"அமருங்கள் ஐயா. வருகிறேன் என்றீர்கள், வந்துவிட்டீர்கள். உண்டு முடியுங்கள்."

"நான் சாட்சி சொல்லவல்லவா வந்தேன்!"

"எதற்காக வந்தீர்கள் என்று ஆணை கேட்கவில்லையே, ஐயா. முதலில் நான்கு நாள் பழைய ரசம்."

மன்னர் தலையசைத்தார். "பாட்டனார் ஆணை. உண்ணும்!"

ரசத்தின் மேல் நுரை கட்டியிருந்தது. ஒரு வாய். இரண்டாவது சொம்பு வருவதற்குள் அனந்தவர்த்தனர் எழுந்து கும்பிட்டார். "வேண்டாம் தாயே! எல்லாம் கொட்டிவிடு! என் பெயரில் ஒரு கரண்டிகூட வைக்காதே!"

கேட்டவரே விடுவித்துவிட்டார். பாத்திரங்கள் கழுவப்பட்டன, கஞ்சி கொதித்தது. இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் மன்னருக்கு நீதி திரும்பியது.

"இனி இப்படி நேராமல் இருக்க வழி சொல், செங்கமலம்."

"கேட்பவருக்கு வாய்தான் செலவு, அரசே, பாத்திரம் நம்முடையது. ஆளுக்கு மூன்று போதும். மேலே வேண்டுமானால் சொந்தப் பாத்திரம் கொண்டுவரட்டும். பத்துப் பாத்திரம் அரண்மனை அடுப்புக்கென்றே ஒதுங்கி இருக்கட்டும்; அதை எவரும் கேட்கக் கூடாது."

"எவரும் என்றால் எவரும்!" என்று முழங்கிய மன்னர், தம் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்து, அடுக்களை முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டார். சொம்புகளைத் துலக்கும் வேலை தானாதிபதிக்குப் போயிற்று.

மறுநாள் மன்னர் நான்காவதாக ஒரு பாயசம் எடுத்துவைக்கச் சொல்லி ஆளனுப்பினார். சிறிது நேரம் கழித்து, தம் வெள்ளிச் சொம்பைக் கையில் ஏந்தியபடி அடுக்களை வாசலில் வந்து நின்றார்.